வன்னி நிலமும் கடவுள் நம்பிக்கையும்

கடவுள் உண்டென்னும் நம்பிக்கைக்கு இக்கால வாழ்வில் இன்னும் பொருளுண்டோ என்னும் வினா கல்லூரி மாணவர் பலராலும் எழுப்பப்படுகின்றது. இவ்வினாவைச் சிலர் அளவைநூல் வழிநின்று ஆராய்வர். சிலர் விஞ்ஞான வழிநின்று ஆராய்வர். வேறு சிலர் தத்தம் அனுபவத்தையே பிரமாணமாகக் கொள்வர். வரலாறு கற்போர்க்கு இன்னுமொரு வழியுண்டு. ஒரு நிலத்து மக்கள் கடவுளை நம்பி எவ்வெவற்றைச் செய்தனர், அந்நம்பிக்கை எவ்விடங்களிற் பயன்பட்டது, எவ்விடங்களில் தவறியது, புதிய அறிவு வந்து புகுந்தபோது எது அழிந்தது, எது நிலைத்தது என வினாவி விடை காண்டலே அவ்வழியாகும். கடவுள் உளரோ இலரோ என்பதனை வரலாறு தீர்த்து வைக்கமாட்டாது. நம்பிக்கை மக்கள் வாழ்வில் ஆற்றிய தொழிலை மட்டுமே அது அளந்து காட்டவல்லது. அவ்வளவில் நின்று, வன்னி நிலத்தின் வரலாற்றைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஒன்று கூறல் வேண்டும். ஐயம் என்பது மேனாட்டு விஞ்ஞானத்தோடு கப்பலேறி வந்த பொருளெனப் பலர் எண்ணுகின்றனர். தமிழர் வரலாறு அதற்கு மாறாகச் சான்று பகர்கின்றது. சங்கச் செய்யுள்களில் வரும் வெறியாட்டை நோக்குக. தலைவியின் உடல் மெலிவுக்கு முருகு அணங்கியதே காரணமென வேலன் கூறுவான். தாயும் அதனை நம்பி வெறியயர்வாள். மெலிவின் உண்மைக் காரணம் காதல் என்பதனைத் தோழி அறிவாள், கேட்போரும் அறிவர். நோயின் காரணத்தை அறியாது தெய்வத்தின்மேல் ஏற்றுதல் தவறென்பதனை அக்காலப் புலவரே நகையோடு உணர்த்தினர். மணிமேகலை, தன் தலைவி பல்வேறு சமயக் கணக்கர்தம் கொள்கைகளைக் கேட்டறிந்த வரலாற்றைக் கூறுங்கால், பூதவாதியின் கொள்கைக்கும் இடமளிக்கின்றது. அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞானசித்தியாரின் பரபக்கம், காட்சியன்றிப் பிற அளவைகளை ஏலாத உலகாயதன் மதத்தை முதலில் நிறுத்தி, அதன்பின்னரே மறுக்கின்றது. எதிர்ப்பக்கத்தைக் கேளாது தன்பக்கத்தை நிறுவுதல் முறையன்று என்பது சைவசித்தாந்த ஆசிரியர்தம் கொள்கை. ஆதலின், இன்றைய மாணவன் கேட்கும் கேள்வி நம் மரபுக்குப் புறம்பானதன்று.

இனி வன்னியை நோக்குவாம். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே பரந்து கிடக்கும் இந்நிலத்தில் வற்றாத பேராறு எதுவுமில்லை. மாரியிற் பெய்யும் மழையைத் தேக்கி வைத்தே மக்கள் ஆண்டு முழுவதும் வாழ்தல் வேண்டும். ஆதலால் ஊர் என்பது குளமேயாயிற்று. வவுனியா நகரிலிருந்து மன்னார் நோக்கிச் செல்லும் வீதியில் நெளுக்குளம், பூவரசங்குளம், செட்டிகுளம் என ஊர்ப்பெயர்கள் குளப்பெயர்களாகவே தொடர்கின்றன. பூவரசங்குளத்துக்கு அயலிற் பாவற்குளம் பரந்து கிடக்கின்றது. வடக்கே புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என அதே வரிசை நீள்கின்றது. மரத்தின் பெயரும் நீர்நிலையின் பெயரும் சேர்ந்து ஒரு குடியிருப்பின் பெயராகி நிற்றலே அந்நில மக்களின் வாழ்க்கை முறையை உணர்த்தப் போதுமானது.

இக்குளங்களின் கட்டிலோ அலைகரையிலோ பெரும்பாலும் ஒரு தெய்வம் உறையும். ஓரிடத்திற் பிள்ளையார், ஓரிடத்தில் ஐயனார், பிறிதோரிடத்தில் நாகதம்பிரானோ அம்மனோ காணப்படும். கோபுரமும் விமானமும் உடையன மிகச் சில. மரத்தடியில் நாட்டிய கல்லும் சூலமுமே பலவற்றின் திருவுரு. வடமத்திய மாகாணத்துச் சிங்களக் கமக்காரரும் ஐயனாரை ஐயநாயக்க என்னும் பெயராற் குளங்காக்கும் தெய்வமாக வழிபடுதல் கருதத்தக்கது. மொழி வேறாயினும் சமயம் வேறாயினும், நீரைத் தேக்கி வாழும் மக்களிடத்து ஒரே வகையான நம்பிக்கை தோன்றியிருக்கின்றது.

அந்நம்பிக்கை மூன்று தொழில்களை ஆற்றிற்று எனலாம். மழை ஏன் பொய்த்தது, காய்ச்சல் ஏன் வந்தது என்னும் வினாக்களுக்குக் காரணங் கூறிற்று. இது விளக்குந் தொழில். குளத்தைப் பொதுவிற் பேணவும் நீரை முறைப்படி பகிரவும் மக்களைக் கட்டுப்படுத்திற்று. இது பிணிக்குந் தொழில். இழப்பு வந்தபோது தாங்கும் ஆற்றலை அளித்தது; இது தேற்றுந் தொழில். இக்காலத்தில் இம்மூன்றுக்கும் நேர்ந்தது என்ன எனத் தனித்தனியே காண்டல் வேண்டும். மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதனாலேயே இப்பொருள் பற்றிய வாதங்கள் முடிவின்றி நீள்கின்றன.

விளக்குந் தொழிலை முதலில் ஆராய்வாம். 1897ஆம் ஆண்டு நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகள் நினைவுகூரத்தக்கன. அவ்வாண்டு சனவரியில், அமெரிக்காவினின்றும் ஐரோப்பாவினின்றும் திரும்பிய சுவாமி விவேகானந்தர் கொழும்பில் வந்திறங்கி, யாழ்ப்பாணத்துக்கும் வந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் வேதாந்தம் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், செக்கந்தராபாத்தில் இராணுவ வைத்தியராயிருந்த ரொனால்ட் றொஸ், நுளம்பின் இரைப்பையில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். அக்கண்டுபிடிப்பின் பொருட்டு 1902இல் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது. முதல் நிகழ்ச்சியை நம் கல்லூரிகள் கொண்டாடி வந்துள்ளன. இரண்டாவது நிகழ்ச்சி வன்னியின் தலைவிதியை மாற்றப் போவதென்பதை அன்று எவரும் அறிந்திலர்.

வன்னியைப் பல தலைமுறைகளாகப் பாழாக்கியவற்றுள் குலைப்பன் காய்ச்சலும் ஒன்று. அந்நிலத்தை நிருவகித்த ஜே. பி. லூயிஸ் என்பார் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய நூலைப் பயில்வோர், மக்கள் அருகிய ஊர்களையும் தூர்ந்த குளங்களையும் அங்கே காண்பர். 1934ஆம், 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையின் பிற பகுதிகளிற் பரவிய பெருமலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். 1946இல் டி.டி.ரி. மருந்து வீடுகள்தோறும் தெளிக்கப்படலாயிற்று. ஆயிரவர்க்கு ஏறத்தாழ இருபதாயிருந்த இறப்பு வீதம் மறு ஆண்டிற் பதினான்காகக் குறைந்தது. அதன் பின்னரே பாவற்குளம், வவுனிக்குளம், முத்தையன்கட்டு முதலிய குளத் திட்டங்களும் குடியேற்றங்களும் வன்னியில் வேரூன்றின. தெய்வக் குற்றத்தால் வந்ததெனப் பலரும் கருதிய காய்ச்சல், நுளம்பை அழித்ததும் அகன்றது.

இதனாற் கடவுள் நம்பிக்கை தோற்றதென்று கூறலாமா? நம்பிக்கையின் ஒரு பகுதி தோற்றது என்பதை மறைக்காது ஒப்புக்கொள்ளல் வேண்டும். காய்ச்சலுக்குக் காரணங் கூறும் அதிகாரம் கோயிலை விட்டு வைத்தியசாலைக்குச் சென்றது. அது சென்றது நன்று. சங்கப் புலவர் வேலனை நகைத்தபோது முருகனை இகழ்ந்தாரல்லர். முருகன்பேராற் சொல்லப்பட்ட பிழையான காரணத்தையே நகைத்தனர். அறியாமை நிலவும் இடங்களிற் கடவுளை நிறுத்தி வைப்போர், அறிவு வளருந்தோறும் அவரை அவ்விடங்களினின்றும் வெளியேற்ற நேரும். அவ்வாறு வெளியேறியது கடவுளன்று, நம் அறியாமையே எனக் கொள்வதே சமயத்துக்கும் பெருமை தரும்.

எனினும் மலேரியாவின் வரலாறு அவ்வளவில் முடியவில்லை. 1963இல் இலங்கை முழுவதிலும் பதினேழு நோயாளரே காணப்பட்டனர். நோய் ஒழிந்ததென்னும் எண்ணத்தில் மருந்து தெளித்தல் நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. சில ஆண்டுகளுள் நோய் மீண்டெழுந்து, 1969இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பீடித்தது. அதன்பின் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இடைவிடாது உழைத்தே, 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடெனும் சான்றை உலகச் சுகாதார நிறுவனத்திடமிருந்து இலங்கை பெற்றது. 1963இன் பின் தவறியது விஞ்ஞானம் அன்று. வென்றுவிட்டோம் என்னும் மனநிலையே தவறியது. மனிதன் அறிவு சிற்றறிவு என்றும், அது பிறிதொன்றன் துணையின்றித் தானே நிறைவெய்தாதென்றும் சைவசித்தாந்தம் வற்புறுத்துகின்றது. ஆய்வுகூடத்தில் நிற்பவனுக்கும் இவ்வுணர்ச்சி வேண்டப்படுவதே. தன் அறிவின் எல்லையை அறிந்தவனே மறுநாளும் விழித்திருப்பான்.

இரண்டாவது, பிணிக்குந் தொழில். குளம் ஒருவர்க்கு உரியதன்று. கட்டை உயர்த்தலும், துருசைப் பேணலும், வாய்க்கால் தூர்வாரலும் எல்லார்க்கும் பொதுவான கடமைகள். மேலே வயல் உடையவன் நீரை மிகுதியாக மறித்தால் கீழே உள்ளவன் பயிர் கருகும். 1832இல், கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபார்சின்படி, இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தை ஆங்கில அரசு ஒழித்தது. கொடுமை பல நிறைந்த அம்முறை ஒழிந்தது நியாயமே. ஆனால் குளம் பேணும் பொதுக்கடமைக்கு வேறு ஏற்பாடு உடனே செய்யப்படாமையாற் பல குளங்கள் கவனிப்பாரற்றுத் தூர்ந்தன என வரலாற்றாசிரியர் கூறுவர். 1856இல் நீர்ப்பாசனச் சட்டம் இயற்றிய அரசு, ஊர்வழக்கங்களையே மீண்டும் துணைக்கொள்ள நேர்ந்தது. ஆணையால் மட்டும் குளம் நிலையாது. கடமையுணர்ச்சியும் வேண்டும் என்பதே இதன் பாடமாகும்.

வன்னி ஊர்களில் அக்கடமையுணர்ச்சிக்குக் குளக்கட்டுத் தெய்வம் சாட்சியாயிருந்தது. நீர் திறக்குமுன் பொங்கலிட்டு வழிபடும்போது ஊரவர் யாவரும் ஓரிடத்திற் கூடினர். பங்கீடு பற்றிய பிணக்குகள் அங்கேயே பேசித் தீர்க்கத்தக்கனவாயின. புதிர் நெல்லைத் தெய்வத்துக்குப் படைத்த பின்னரே தாம் உண்ணும் வழக்கம், விளைவு தன் உழைப்பால் மட்டும் வந்ததன்று என்பதை ஆண்டுதோறும் நினைவூட்டிற்று. இன்று நீர்ப்பாசனத் திணைக்களமும் கமக்கார அமைப்புக்களும் அவ்வேலையைச் செய்கின்றன, செய்தலும் வேண்டும். ஆயினும் இரவிலே துருசடியில் அதிகாரி எவரும் நிற்பதில்லை. ஒருவரும் காணாத பொழுது தன்னைத் தடுப்பது எது என்னும் வினா, இயந்திர உழவு செய்யும் கமக்காரனுக்கும் உண்டு. கணனியின் முன் அமர்ந்து கணக்கெழுதும் உத்தியோகத்தனுக்கும் உண்டு. காண்பார் இல்லாத இடத்தும் காண்பான் ஒருவன் உளன் என்னும் உணர்ச்சி, அவ்வினாவுக்கு நம் முன்னோர் கண்ட விடை.

இவ்விடத்து ஒரு கடுமையான தடை எழும். பிணிப்பதாகக் கூறப்படும் இந்நம்பிக்கையே மக்களைப் பிரித்ததன்றோ என்பர். உண்மை. தமிழகத்தில் ஈ. வெ. இராமசாமி 1925இல் ‘குடி அரசு’ இதழைத் தொடங்கிச் சமயத்தைச் சாடியபோது, அவர் சொற்களுக்குக் காது கொடுத்தோர் பலராயிருந்தமைக்குக் காரணம், கோயில் வாயில்கள் மூடிக் கிடந்தமையே. 1936இல் திருவிதாங்கூரிலும், 1939இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலிலும் அவ்வாயில்கள் திறக்கப்பட்டன. இலங்கையிற் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. எனினும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் அடியார் சிலர் தடுத்து நிறுத்தப்பட்டனர். எல்லா உயிர்க்கும் இறைவன் ஒருவன் என்று படித்தவர்களே அத்தடையை நியாயப்படுத்தினர். இந்த வழக்கில் நாத்திகன் கேட்ட கேள்வி நீதியானது. ஆத்திகருட் பலர் கூறிய விடை நீதியற்றது. கடவுளை நம்புதல் ஒருவனை நல்லவனாக்கிவிடும் என்று இனி எவரும் எளிதாகக் கூறல் இயலாது. நம்பிக்கை உண்மையானதோ என்பதை அதன் வாயிலில் யார் நிற்க முடிகின்றது என்பதனைக் கொண்டே அளத்தல் வேண்டும்.

சமயத்தைத் திருத்துதல் சமயத்துக்கு வெளியே நிற்போர் மட்டும் செய்த வேலையன்று. ஆறுமுக நாவலர் (1822 – 1879) கோயில்களில் உயிர்ப்பலியிடுதலைக் கடுமையாகக் கண்டித்தார். கண்ணகி வழிபாட்டையும் அவர் ஏற்றிலர். அவர் காலத்தின் பின் யாழ்ப்பாணத்துக் கண்ணகி கோயில்கள் பல, வேறு அம்மன் பெயர்களைப் பெற்றன. வன்னியிலோ முல்லைத்தீவுக்கு அயலில் நந்திக்கடலோரமாக உள்ள வட்டாப்பளையிற் கண்ணகை அம்மன் வழிபாடு அதே பெயரோடு நிலைத்தது. வைகாசிப் பொங்கலுக்கு முன்னர்க் கடலிலிருந்து நீர் எடுத்துவந்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்நீரால் விளக்கேற்றும் வழக்கம் பெயர்பெற்றது. உப்புநீரில் விளக்கு எரிவது எங்ஙனம் என விஞ்ஞான மாணவன் வினாவுவான். வினாவுதல் குற்றமன்று. ஆனால் அவ்வினாவுக்கு எவ்விடை கிடைப்பினும், பொங்கலுக்குத் திரளும் கூட்டம் குறையுமென்று தோன்றவில்லை. அங்கே வருவோரிற் பலர் அற்புதத்தைச் சோதிக்க வருபவரல்லர். தம் துயரைச் சொல்ல வருபவர். நீதி மறுக்கப்பட்ட ஒரு பெண், அரசன் முன் நின்று கேட்ட கதையைத் தெய்வமாக்கி வைத்திருக்கும் கோயில் அது. அதன் பொருள் விளக்கின் எண்ணெயில் இல்லை.

இதுவே மூன்றாவது தொழிலாகிய தேற்றுதலுக்கு நம்மைக் கொண்டு செல்கின்றது. 2004 திசம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. 2009 மே மாதத்தில், வட்டாப்பளையிலிருந்து வெகுதொலைவில் அல்லாத முள்ளிவாய்க்காலிற் போர் முடிவுற்றபோது, எண்ணற்ற பொதுமக்கள் மாண்டிருந்தனர். உயிர் தப்பியவருள் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவற்றுட் பெரியதாகிய மெனிக் பாம், பூவரசங்குளத்தைக் கடந்து செல்லும் அதே மன்னார் வீதியிற் செட்டிகுளத்துக்கு அண்மையில் அமைந்திருந்தது. 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. குழந்தையை இழந்த தாய் ஒருத்தி, கடவுள் எங்கே இருந்தார் எனக் கேட்டால், நூல் கற்றவர் என்ன விடை கூறுவர்?

வினைப்பயன் என்று கூறுவோர் உளர். வினைக்கொள்கை ஒருவன் தன் வாழ்வைத் தான் திருத்திக்கொள்ளும் பொருட்டுத் தன்னை நோக்கிக் கூறிக்கொள்ளத்தக்கது. பிறர் துயரை நோக்கிக் கூறுங்கால் அது கொடுஞ்சொல்லாகும். மேலும், மனிதர் செய்த தீமைக்கு மனிதரே பொறுப்பாளிகள். அப்பொறுப்பைக் கடவுள்மேல் ஏற்றுதல், காய்ச்சலைத் தெய்வக் குற்றம் என்றதிலும் பெரிய பிழை. ஆகவே அத்தாய்க்குக் கூறத்தக்க விளக்கம் எதுவும் நம்மிடம் இல்லை என்பதே நேர்மையான விடை. அவள் நம்பிக்கையை இழந்தாளாயின், அவளைக் குறைகூறும் உரிமையும் எவர்க்கும் இல்லை.

ஆனால் வரலாறு வேறொன்றையும் காட்டுகின்றது. மக்கள் தத்தம் ஊர்களுக்கு மீண்டபோது, வீடுகளைக் கட்டிய கையோடு இடிந்த கோயில்களையும் தேவாலயங்களையும் எடுப்பித்தனர். வட்டாப்பளைப் பொங்கலுக்கும் மடுமாதா திருவிழாவுக்கும் மீண்டும் பெருந்திரள் கூடலாயிற்று. அவர்கள் தம் வினாவுக்கு விடை பெற்றுவிட்டனர் என்று எண்ணல் கூடாது. விடையின்றியும் வாழ்வதற்கு ஓரிடமும், இறந்தோர் பெயரைச் சொல்லி அழுவதற்கு ஒரு முறையும், தனித்து அழாது கூடியழுவதற்கு ஒரு நாளும் அவர்களுக்கு வேண்டியிருந்தன. இவற்றை வைத்தியசாலையோ திணைக்களமோ தரமாட்டா. தருதல் அவற்றின் கடமையுமன்று.

இறுதியாக ஒரு வினா எஞ்சும். கடவுளை நம்பாது அறவழி நிற்றல் இயலாதோ? இயலும் என்பதற்குத் தமிழிலக்கியமே சான்று. உலகைப் படைத்த கடவுள் ஒருவரை ஏற்காத சமணரும் பௌத்தரும் அறநூல்களால் தமிழை வளப்படுத்தினர். பசிப்பிணி தீர்த்த மணிமேகலை பௌத்தத் துறவி. ஆதலின், அறத்துக்கு நாம் மட்டுமே உரிமையாளர் என ஆத்திகர் செருக்குதல் பொருந்தாது. கடவுள் நம்பிக்கை அறத்தோடு கூட்டித் தருவது மூன்று: தன் அறிவு எல்லையுடையது என்னும் அடக்கம், தான் பெற்றது தன்னால் மட்டும் வந்ததன்று என்னும் நன்றி, காண்பார் இலராயினும் தான் விடைகூறக் கடமைப்பட்டவன் என்னும் உணர்ச்சி. இம்மூன்றும் ஒருவனிடத்து இல்லையாயின், அவன் நாடோறும் கோயில் வலம் வரினும் அவன் நம்பிக்கைக்கு இக்காலத்திலும் பொருளில்லை, எக்காலத்திலும் இருந்ததில்லை. இவை உளவாயின், நுளம்பின் இயல்பை நுண்ணோக்கியிற் காண்பவனுக்கும் அந்நம்பிக்கை இடையூறாகாது.

வன்னிக் குளங்களின் கட்டுக்களை இன்று மண்வெட்டிக்குப் பதிலாக இயந்திரங்கள் உயர்த்துகின்றன. மழை வருவதை வானிலை அறிக்கை கூறுகின்றது. கட்டோரத்துக் கல்லின் முன் இன்றும் விளக்கு எரிகின்றது. அவ்விளக்கை ஏற்றுபவர் நீரைத் தம் அயலவனோடு முறையாகப் பகிர்வாராயின், அதுவே நம் வினாவுக்குப் போதிய விடையாகும். பகிராராயின், நாம் எழுதும் கட்டுரைகள் எவ்வளவு நீளினும் பயனில்லை. நம் கல்லூரி மாணவர் இவ்வளவுகோலைத் தமக்கும் தம் சமயத்துக்கும் அஞ்சாது வைத்துப் பார்ப்பாராக.